இறுகிப்போன புரோப்பேன் வால்வும் வண்டி தேடி வந்த கேஸ் மெக்கானிக்கும்

தங்கிச் சமைக்க வசதியுள்ள என் கேம்பர் வேனுக்கு அடியில் நிரந்தரமாக மாட்டியிருக்கும் புரோப்பேன் டேங்கின் வால்வு, திறந்த நிலையிலேயே இறுகிவிட்டது. மூடியபடி இறுகியிருந்தால் சமையல்தான் நின்றிருக்கும். திறந்தபடி இறுகினால் அவசரத்துக்கு டேங்கிலேயே கேஸை நிறுத்த வழியில்லை. அதனால் வண்டி நிற்கும் இடத்துக்கே வந்து வேலை பார்க்கும் கேஸ் மெக்கானிக் ஒருவரைக் கூப்பிட்டேன்.

போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "வாடை வருதா?" வந்தால் எந்த சுவிட்சையும் தொடாமல் எல்லோரும் இறங்கி தூரமாகப் போய் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், எனக்காகக் காத்திருக்க வேண்டாம் என்றார். கையில் வந்த வேலையை விட்டுக்கொடுக்கத் தயங்காத ஆள் என்று அங்கேயே நம்பிக்கை வந்துவிட்டது.

வாடை இல்லை என்றதும் கிளம்பி வந்தார், சொன்ன நேரம் தாண்டி ரொம்பத் தாமதமாக, இடையில் ஒரு தகவல்கூட இல்லாமல். அதற்கு ஒரு நட்சத்திரம் கட். ஆனால் இறங்கியதும் கேஸ் கசிவு காட்டும் டிடெக்டரைத் தரையோடு ஒட்டிப் பிடித்தார் பாருங்கள், அது சரியான வேலை: புரோப்பேன் காற்றைவிட சுமார் ஒன்றரை மடங்கு கனம், கீழேதான் தேங்கும், காற்றில் 2 சதவீதத்துக்குச் சற்று மேல் கலந்தாலே பற்றிக்கொள்ளும். அப்புறம் வால்வைச் சுற்றி சோப்புக் கரைசல் தடவினார். குமிழி வரவில்லை.

கையால் மட்டும் திருகிப் பார்த்தார், அசையவில்லை. ஸ்பேனர் போடலாமே என்று கேட்டதற்கு, "தண்டு முறிஞ்சா பீறிட்டு வரும், நிறுத்த முடியாது" என்று முடித்துவிட்டார். துரு நீக்கும் ஸ்பிரேவும் கிடையாது, அதில் பலவும் தீப்பிடிப்பவை. சூடு காட்டுவது பற்றிப் பேச்சே இல்லை.

திறந்துதானே இருக்கிறது, உள்ளே இருப்பதை எரித்தே தீர்த்துவிடலாம் என்று, வேனின் வெளிப்புற கேஸ் இணைப்பில் தன் பர்னரை மாட்டி வெட்டவெளியில் பக்கத்திலேயே நின்று எரித்தார். டேங்கின் அடிப்பாகத்தில் வெள்ளையாகப் பனி பூத்தது. திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்வதால் டேங்க் குளிர்ந்து அழுத்தம் இறங்கும், கேஸ் மிச்சம் இருக்கும்போதே தீ சுருங்கும். அவசரக்காரர் என்றால் அங்கேயே காலி என்று கழற்றியிருப்பார். இவர் அணைத்துவிட்டு, டேங்க் சூடாகும்வரை காத்திருந்து மறுபடி எரித்தார்.

கழற்றிய பழைய வால்வின் மரைகளில் சாலைச் சேறு கல்லாக இறுகியிருந்தது. புதியதைப் போட்டு, கேஸ் நிரப்பியதும் மெதுவாகத் திறந்து காட்டினார். படக்கென்று திறந்தால் அதிவேகப் பாய்ச்சலைத் தடுக்கும் பாதுகாப்பு வால்வு கசிவு என்று நினைத்து அடைத்துக்கொள்ளுமாம்.

கசிவுச் சோதனை முடிவை பில்லில் எழுதவில்லை, கேட்டுத்தான் வாங்கினேன். நீங்களும் கேட்டு வாங்குங்கள். கழற்றி மாற்றும் சிறு சிலிண்டர் வைத்திருப்பவர்களுக்கு, வால்வு மூடியபடி இறுகியிருந்தால் இந்தச் செலவு தேவையில்லை, விற்றவரிடமே கொடுத்து மாற்றிக்கொள்ளலாம்.