வீட்டுக்கடன் கேட்டுப் போன அனுபவம்: 5க்கு 2

அம்மாபேட்டையில் 38 லட்சத்துக்கு ஒரு பழைய வீடு, வாசலில் முருங்கை மரம், பார்த்ததுமே அம்மாவுக்குப் பிடித்துவிட்டது. கடனுக்காகச் சேலத்தில் ஒரு வங்கிக் கிளைக்கு (பெயர் வேண்டாம்) நான்கு நடை நடந்தேன். முதல் நாள் டீ வாங்கிக் கொடுத்து, ‘தாராளமா கிடைக்கும் சார்’ என்றார்கள். சம்பளச் சீட்டு, தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் நகலெடுத்துக் கொடுத்து, வக்கீல் கட்டணம் 3,500 ரூபாயும் கட்டிய பிறகு, நான்காவது நடையில்தான் என் கல்விக் கடன் தவணை மாதம் 9,400 ரூபாய் போவது அவர்கள் கண்ணில் பட்டு, தொகையை 22 லட்சமாகக் குறைத்தார்கள். நம் பழைய கடன்களையெல்லாம் காட்டும் சிபில் அறிக்கையில் முதல் நாளே தெரியும் விஷயம்தானே இது?

சரி, கேட்டது கிடைத்திருந்தாலும் ரிசர்வ் வங்கி விதிப்படி இந்த விலைக்கு 80 சதவீதம்தான். மீதி 7.6 லட்சம் கையிலிருந்து, அதற்கு மேல் முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 சதவீதம், அதுவே 3.42 லட்சம். இதையும் பத்திரம் எழுதுபவர்தான் துண்டுத் தாளில் போட்டுக் காட்டினார்.

கடன் பிரிவு அக்கா மட்டும், ‘பழைய வரி முறையில இருந்தா கல்விக் கடன் வட்டிக்கு வருமான வரிக் கழிவு 8 வருஷம் வரைக்கும் உண்டு, முதல்ல அதை அடைச்சிட்டு வாங்க தம்பி’ என்று மறைக்காமல் சொன்னார். அந்த 2 மதிப்பெண் அவருக்கு. எனக்கு 31 ஆகிறது, பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியே சொந்த வீடா என்பதுதான்.

3,500 திரும்பி வரவில்லை.