எங்கள் டீமின் நெக்ஸஸ்: ஐந்து வருடக் கணக்கு

எங்கள் டீமில் 14 பேர். பெரும்பாலும் ஜாவா வேலை. ஐந்து வருடமாக எல்லா லைப்ரரிகளும் ஆபீஸின் பழைய சர்வர் ஒன்றில் ஓடும் நெக்ஸஸ் என்ற லைப்ரரிக் கிடங்கு மென்பொருள் வழியாகத்தான் வருகின்றன. நிறுவ அரை நாள்கூட ஆகவில்லை. ஜாவா லைப்ரரிகளின் பொதுக் கிடங்கான மேவன் சென்ட்ரலிலிருந்து எடுத்து வைத்துக்கொள்ள ஒரு ப்ராக்ஸி ரெப்போ (சேமிப்பிடம்), எங்கள் சொந்த ஜார்களை, அதாவது ஜாவா பேக்கேஜ்களை, வைக்க ஒரு ஹோஸ்டட் ரெப்போ, இரண்டையும் ஒரே முகவரியில் தர ஒரு குரூப். டெவலப்பருக்கு அந்தக் குரூப்பின் முகவரி மட்டும் தெரிந்தால் போதும்.

வேகத்துக்காகத்தான் போட்டோம். அருமை தெரிந்தது 2021 டிசம்பரில், லாக்4ஜே என்ற லாகிங் லைப்ரரியின் பாதுகாப்பு ஓட்டை வெளியான வாரம். நெக்ஸஸ் தேடலில் பெயரைப் போட்டதுமே ஆறு பழைய வெர்ஷன்கள் வரிசையாக வந்து நின்றன. எந்த ப்ராஜெக்ட் இழுத்தது என்று அது சொல்லாது. ரெக்வெஸ்ட் லாகில் ஐபி முகவரியைப் பார்த்துத்தான் ஆளைப் பிடித்தோம். ஓட்டையை அடைக்க வந்த 2.15-க்கு மாற்றி மூச்சு விடுவதற்குள் 2.16, அப்புறம் 2.17.

தலைவலி என்றால் டிஸ்க்தான். ஒவ்வொரு பில்டும் ஒரு புது ஸ்னாப்ஷாட்டை, அதாவது ரிலீஸுக்கு முந்தைய தற்காலிக வெர்ஷனை, தள்ளிவிட்டுப் போகும். ஒரு வெள்ளிக்கிழமை மாலை டிஸ்க் நிரம்பி எல்லா பில்டும் நின்றது. பழைய ஸ்னாப்ஷாட்களை அழித்தேன். திரும்பப் பார்த்தால் அதே 100 சதவீதம்! அழித்தபோது விழுந்தது 'நீக்கப்பட்டது' என்ற அடையாளம் மட்டுமே. ஃபைல்கள் நிஜமாக இருக்கும் ப்ளாப் ஸ்டோரை காம்பாக்ட் செய்யும் டாஸ்க் ஓடினால்தான் இடம் திரும்பக் கிடைக்கும். அதைவிட வெட்கம், பழையவற்றைத் தானாக அழிக்கச் சொல்லும் கிளீனப் பாலிசியை முதல் வருடமே எழுதியிருந்தேன். ரெப்போவோடு இணைக்கத்தான் மறந்துவிட்டேன்.

இன்னொன்று, புதிதாக வருபவர்களை ஏமாற்றுவது. வெளியே இன்னும் வந்து சேராத வெர்ஷனை யாராவது அவசரப்பட்டுக் கேட்டுவிட்டால், 'இல்லை' என்ற பதிலை நெக்ஸஸ் மனதில் வைத்துக்கொள்ளும். டீஃபால்ட்டாக 1440 நிமிடம், அதாவது முழுசாக ஒரு நாள். டீமுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் ஒரு காலைப்பொழுது முழுக்கத் எந்த லைப்ரரி வேண்டும் என்று எழுதும் தன் பாம் (pom.xml) ஃபைலையே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். நெக்ஸஸ் மனதில் வைத்திருந்த அந்தக் கேஷை இன்வாலிடேட் செய்ததும் லைப்ரரி வந்துவிட்டது.

முடிந்த வெர்ஷன்களை வைக்கும் ரிலீஸ் ரெப்போவில் மட்டும் ஒரே வெர்ஷனை மறுபடி ஏற்ற விடுவதில்லை. "அண்ணா, 1.4.2-வை ஒரே ஒரு தடவை மாற்றிப் போட்டுக்கட்டுமா?" என்று மாதம் ஒருவராவது வருவார். 1.4.3 சும்மாதானே கிடக்கிறது, அதை எடுத்துக்கொள் என்பேன்.