முகூர்த்த மேக்கப்புக்கு 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றிவிட்டார்கள். கல்யாண வீட்டுக்காரர்கள் படியுங்கள்

போன வாரம் திருச்சியில் என் தங்கைக்குக் கல்யாணம். இன்ஸ்டாகிராமில் பக்கம் வைத்துக்கொண்டு, மண்டபத்துக்கே வந்து மணப்பெண் அலங்காரம் செய்யும் ஒருவரிடம் 28,000 ரூபாய் கொடுத்தோம். புகார் கொடுக்கப்போவதால் பெயர் போடவில்லை. தை முகூர்த்தத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ட்ரையல் அன்று, அதாவது முன்கூட்டியே மேக்கப் போட்டுப் பார்த்த அன்று, அந்த அம்மா நடந்துகொண்டதைப் பார்த்தால் யாரும் நம்பியிருப்பார்கள். தங்கை மாநிறம். தாடை ஓரமாக மூன்று ஷேடு ஃபவுண்டேஷனில் கோடு இழுத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப்போய், எது கழுத்தோடு சேருகிறது என்று பார்த்தார். “பொண்ண வெள்ளையாக்குறது மேக்கப் இல்லக்கா, அவ நிறத்துலயே பளிச்சுனு காட்டணும்” என்றார். ஷேடு நம்பரை நோட்டில் குறித்துக்கொண்டார். எங்கள் அம்மாவுக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அங்கேயே 10,000 அட்வான்ஸ். ஏர்பிரஷ் மேக்கப் (காற்றில் பீய்ச்சி அடிப்பது), புடவைக்கட்டு, பூ ஜடை, ராக்கொடி, ஜடைபில்லை வாடகை எல்லாம் சேர்த்துத்தான் 28,000. மீதி 18,000-ஐ முந்தின நாள் ராத்திரியே ஜிபேயில் போடச் சொன்னார். “காலைல உங்களுக்கு நேரமே இருக்காதுக்கா.”

முகூர்த்தம் 6 மணியிலிருந்து 7.30. மூன்று மணிக்கு வருவதாகப் பேச்சு. ஐந்து மணி ஆகப்போகும்போது முன்பின் தெரியாத இரண்டு பெண்கள் வந்தார்கள். மேடம் வேறு மண்டபத்தில் இருக்கிறாராம். நோட்டும் வரவில்லை. ஏர்பிரஷ் என்றால் கம்ப்ரசரும் ஸ்ப்ரே கன்னும் வேண்டும். இவர்கள் பையில் இருந்ததோ ஸ்பாஞ்சும், ரோஸ் சாயலில் ஒரே ஒரு ஃபவுண்டேஷனும். டியூப்லைட்டில் ஒன்றும் தெரியவில்லை. மணவறையில் விடிந்ததும் பார்த்தால் முகம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது, கழுத்து வேறு நிறம். கண்ணுக்குக் கீழே அப்பியிருந்த பவுடர் ஃபிளாஷ் பட்டதும் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது, தாலி கட்டும் படம் உட்பட. ஹோமப் புகையில் கண் கலங்கியதும் ஒட்டு இமை பாதி பிரிந்து தொங்கிவிட்டது. சவுரி செம்பட்டை, தங்கையின் முடியோ கருகரு. முடிச்சுப் போட நாத்தனார் ஜடையைத் தூக்கினார், ராக்கொடி கழன்று அட்சதையில் விழுந்தது. அப்போது அவள் முகம் போன போக்கு எனக்கு இன்னும் ஆறவில்லை.

மதியம் மேடத்துக்குப் போன் செய்தால் “போட்டோவுல நல்லாத்தானே இருக்கு” என்றார். மறுநாள், “பொண்ணு அழுதா மேக்கப் கலையத்தான் செய்யும்.” பிறகு, ஸ்டாஃபிடம் பேசுங்கள். ஸ்டாஃபைக் கேட்டால், மேடத்திடம் பேசுங்கள். 28,000-இல் பாதியாவது திருப்பிக் கொடுங்கள் என்று மெசேஜ் போட்டதும் பிளாக். அதைவிட வயிற்றெரிச்சல், ட்ரையல் அன்று எடுத்த படத்தை “எங்கள் முகூர்த்த மணப்பெண்” என்று அவர்கள் பக்கத்தில் போட்டு லைக் வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். எங்களைக் கேட்கவே இல்லை. கீழே நான் எழுதிய கமெண்டையும் அழித்துவிட்டார்கள்.

முகூர்த்த மேக்கப் பற்றி விரிவாகவே எழுத நினைத்தேன், இப்போது கை ஓடவில்லை. அவசரத்துக்குச் சில:

வரப்போவது யார் என்று பெயரோடு எழுதி வாங்குங்கள், “டீம்” என்றால் விடாதீர்கள். மீதிப் பணத்தை அலங்காரம் முடிந்த பிறகே கொடுங்கள். ஷேடு நம்பரை உங்கள் போனிலும் படம் எடுத்து வையுங்கள். ட்ரையலில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். இமை ஒட்டும் பசையை இரண்டு நாள் முன்பே காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள், தங்கைக்கு இமை இன்னும் வீங்கித்தான் இருக்கிறது. பூ ஜடையைத் தெரிந்த பூக்காரரிடம் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால் சாட்டையும் ஜிபே ரசீதையும் அழிக்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், நீங்கள் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. எங்கள் 28,000-க்கு நாளைக்கு 1915-இல் பதிவு செய்கிறேன். இதே மாதிரி திருச்சியில் யாருக்காவது நடந்திருந்தால் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.