மருமகளைத் திருத்தச் சொல்லிப் போன இடம்: ஒரு குடும்ப ஆலோசனைச் சேவையைப் பற்றி

என் மருமகள் என் மகனை ஆட்டிப்படைக்கிறாள் என்ற முடிவோடுதான், காணொளி வழியாக இயங்கும் ஒரு குடும்ப ஆலோசனைச் சேவையில் நான் பதிவு செய்துகொண்டேன். என்னிடம் ஆதாரங்களுக்குக் குறைவில்லை. நான் அழைத்தால் அவன் கைபேசியின் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டே பேசுவான். எதைக் கேட்டாலும் ‘அவளைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்பதே முதல் பதிலாக இருக்கும். வருவதாக ஒப்புக்கொண்டிருந்த நாளின் காலையில், கிளம்பும் நேரத்தில், வரவில்லை என்று செய்தி அனுப்புவான். ஒருமுறை உறவினர்கள் கூடியிருந்தபோது அவன் சொல்லத் தொடங்கிய ஒரு செய்தியை அவள் பாதியில் வெட்டி, ‘இவருக்கு எதையும் ஒழுங்காகச் சொல்லத் தெரியாது’ என்று கூறித் தானே சொல்லி முடித்தாள். அவன் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தானையில் முடிந்துகொண்டாள் என்று ஊரார் சொல்வதை வெறும் பேச்சென்று எண்ணியிருந்த எனக்கு, அன்று அது கண்ணெதிரே நடப்பதாகத் தோன்றியது.

பதிவு செய்வது எளிது. ஒரு படிவத்தை நிரப்ப வேண்டும். கட்டணத்தையும், அமர்வை ரத்து செய்தால் என்ன நேரும் என்பதையும் முன்கூட்டியே தெளிவாக எழுத்தில் தந்துவிடுகிறார்கள். ‘இந்த ஆலோசனையின் முடிவில் என்ன மாற வேண்டும் என விரும்புகிறீர்கள்?’ என்ற கேள்விக்கு நான் ‘என் மருமகளின் குணம்’ என்று எழுதினேன். அந்தப் படிவத்தைப் பார்த்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்று இப்போது எண்ணினால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

முதலில் எனக்கு ஒதுக்கப்பட்ட ஆலோசகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் இந்தச் சேவையின் பெரிய குறை அங்கேதான் இருக்கிறது. நான் பேசத் தொடங்கி இருபது நிமிடங்கள் ஆவதற்குள், என் மருமகளுக்கு ஆளுமைக் கோளாறு இருக்கக்கூடும் என்று அவர் சொல்லிவிட்டார். அவளை அவர் பார்த்ததில்லை, அவள் குரலைக் கேட்டதில்லை. அவள்மீது மனத்தாங்கல் கொண்ட ஒருத்தியின் வாய்மொழி ஒன்றுதான் அவர் கையில் இருந்தது. ஆனால் அந்த வார்த்தை எனக்குத் தேனாக இனித்தது என்பதை மறைக்க மாட்டேன். இரண்டு நாள்கள் அதையே நினைத்து மகிழ்ந்தேன். என் தங்கையிடமும் தொலைபேசியில் சொன்னேன். அவள்தான், ‘அக்கா, பார்க்காத ஆளுக்கு எப்படி வியாதி சொல்வார்கள்?’ என்று கேட்டாள். எனக்குப் பதில் இல்லை. நேரில் முறையாக ஆராயாமல் ஒருவருக்கு மனநோயின் பெயரைச் சூட்டுவது அந்தத் தொழிலின் அடிப்படை நெறிக்கே எதிரானது. இரண்டாவது அமர்விலும் அதே போக்கு தொடரவே, ஆலோசகரை மாற்றித் தருமாறு கேட்டேன். காரணம் கேட்காமல் மூன்று நாள்களுக்குள் மாற்றித் தந்தார்கள். அதற்காக நிர்வாகத்தைப் பாராட்டலாம்.

இரண்டாவதாக வந்தவர் என்னைவிட வயதில் மூத்தவர். எடுத்த எடுப்பில் என் பக்கம் சாயவும் இல்லை, என்னைக் குற்றம் சாட்டவும் இல்லை. ஒரு தாளை நடுவே கோடிட்டுப் பிரித்து, இடப்பக்கத்தில் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுங்கள், வலப்பக்கத்தில் அதிலிருந்து நீங்கள் கருதியதை எழுதுங்கள் என்றார். இடப்பக்கத்தில் பதினொரு வரிகள் தேறின. வலப்பக்கம் இரண்டு தாள்களுக்கு நீண்டது. வருகை ரத்தானதற்கு அவள்தான் காரணம் என்பது வலப்பக்கத்தில் இருந்தது. அவன் அப்படிச் சொன்னானா என்று கேட்டார், சொல்லவில்லை.

அடுத்த அமர்வில் எங்கள் குடும்பத்தின் மூன்று தலைமுறைகளை வரைந்தார். ஜீனோகிராம் எனப்படும் இந்த வரைபடத்தில் ஆண்களுக்குச் சதுரம், பெண்களுக்கு வட்டம். இருவருக்கிடையே பகை என்றால் வளைந்து நெளியும் கோடு, விலகல் என்றால் புள்ளிக்கோடு, ஒருவருக்குள் ஒருவர் கரைந்துபோன அளவுக்கு நெருக்கம் என்றால் மூன்று இணைகோடுகள். எனக்கும் மருமகளுக்கும் இடையே நெளிகோட்டை நானே போடச் சொன்னேன். எனக்கும் மகனுக்கும் இடையே எதைப் போடுவது என்று அவர் கேட்டபோது, மூன்று கோடுகளையும் பெருமையோடுதான் சொன்னேன். எனக்கும் என் கணவருக்கும் எதைப் போடுவது என்ற கேள்விக்கு உடனே பதில் வரவில்லை. கடைசியில் புள்ளிக்கோடு என்றேன். இரண்டு பேருக்கு நடுவே இறுக்கம் கூடும்போது அதைத் தணிப்பதற்காக மூன்றாவது ஒருவரை உள்ளே இழுத்துக்கொள்வது குடும்பங்களின் இயல்பு என்று முர்ரே போவன் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் வகுத்த முக்கோணக் கருத்தை அவர் அப்போது விளக்கினார். விளக்கத்தைவிட அந்தத் தாள்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் எல்லா முடிவுகளையும் நான் எடுத்தேன், கணவர் ஒதுங்கிக்கொண்டார், பையன் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெயர் கொடுப்பதற்குக்கூட ஆசிரியரிடம் ‘அம்மாவைக் கேட்டுச் சொல்கிறேன்’ என்று சொல்லி வளர்ந்தான். அந்த வாக்கியத்தை நான் வாய்விட்டுச் சொன்ன பிறகு அந்த அமர்வில் வேறெதுவும் பேசத் தோன்றவில்லை.

ஆனால் எல்லாவற்றையும் வளர்ப்பின்மேல் போட்டுவிட்டு அவர் கையைக் கழுவிவிடவில்லை. அதிகாரமாகப் பேசும் மனைவி வேறு, கணவனைச் சிறைப்படுத்தும் மனைவி வேறு என்றார். இரண்டாவது வகையென்றால் அதைப் பொறுத்துக்கொள்ளக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பணம் அவன் கையில் இருக்கிறதா, நண்பர்களைச் சந்திக்கிறானா, அவன் போக்குவரத்தையும் கைபேசியையும் அவள் கண்காணிக்கிறாளா, அவளுக்குப் பிடிக்காததைச் செய்தால் என்ன நடக்குமோ என்ற அச்சம் அவன் முகத்தில் தெரிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். இத்தகைய தொடர்ந்த அடக்குமுறையை இங்கிலாந்தும் வேல்சும் 2015ஆம் ஆண்டுச் சட்டத்தில் குற்றமாகவே ஆக்கியிருக்கின்றன என்றும், ஐந்தாண்டு வரை சிறை விதிக்கலாம் என்றும், பாதிக்கப்பட்டவர் ஆணா பெண்ணா என்ற வேறுபாடு அதில் இல்லை என்றும் அவர் சொன்னது எனக்குப் புதிய செய்தி. கேட்ட கேள்விகளில் பெரும்பாலானவற்றுக்கு என்னிடம் இருந்த பதில் ‘தெரியாது’ என்பதுதான். இத்தனை நாள் அவனிடம் அவளைப் பற்றி மட்டுமே கேட்டிருக்கிறேன். அவனைப் பற்றிக் கேட்கவே இல்லை.

மகன் என்னோடு சேர்ந்து ஒரே ஒரு அமர்வுக்கு வந்தான். அவள் வர மறுத்துவிட்டாள். அவளிடம் நீங்களே பேசிப் பாருங்கள் என்று நான் கெஞ்சியும், தாமாக முன்வராதவரை நாங்கள் அழைப்பதில்லை என்று ஆலோசகர் மறுத்துவிட்டார். அந்த அமர்வில் அவன் சொன்னது எனக்கு வலித்தது. ‘அம்மா, அவள் முடிவெடுப்பது எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. தப்பாகப் போனால் என் தலையில் விழாது.’ அவனுக்குப் பயம் இல்லை, நண்பர்கள் இருக்கிறார்கள், சம்பளம் அவன் கணக்கில்தான் இருக்கிறது. வருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனதும் அவன் முடிவுதான். என்னிடம் சொல்லத் தைரியம் இல்லாததால் பழி அவள்மீது விழுவதை அவன் பேசாமல் விட்டிருந்திருக்கிறான். ஒருவர் வற்புறுத்த, மற்றவர் ஒதுங்க, ஒதுங்குவதைக் கண்டு முன்னவர் இன்னும் உரக்க வற்புறுத்தும் சுழலை ஆன்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார் என்று ஆலோசகர் சொன்னார். உரத்த குரல் மட்டும் வெளியே கேட்கும். ஒதுங்குதல் பொறுமையைப் போலத் தோற்றமளிக்கும்.

இதையெல்லாம் ஒப்புக்கொண்டாலும், என் மருமகள் அதிகாரம் செய்பவள் என்ற கருத்தை நான் முழுதாகக் கைவிடவில்லை. நாலு பேர் முன்னால் கணவனை மட்டம் தட்டியது இடப்பக்கத்து வரி. அது என் கற்பனையல்ல. ஆலோசகரும் அதை லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தம்பதிகளின் பேச்சைப் பதிவு செய்து ஆராய்ந்த ஜான் காட்மன், குறைகூறல், இகழ்ச்சி, தற்காப்பு, வாய்திறவாமை ஆகிய நான்கில் இகழ்ச்சியே மணமுறிவுக்கு மிக வலுவான அறிகுறி என்று கண்டதை அவரே எடுத்துச் சொன்னார். ஆனால் அதைப் பற்றி அவளிடம் பேச வேண்டியவன் அவன், நான் அல்ல என்றார். இந்த இடத்தில் எனக்கு இன்னும் முழு உடன்பாடு இல்லை. பேசாதவனுக்காகத் தாய் எத்தனை காலம் வாயை மூடிக்கொண்டிருப்பது?

சேவையின் நடைமுறைக் குறைகள் சில உண்டு. 50 நிமிடம் முடிந்ததும் பேச்சு எந்த இடத்தில் நின்றாலும் அமர்வு நின்றுவிடுகிறது. கண்ணீரோடு இருந்த ஒருநாள் திரை அணைந்ததும் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். ஐந்து நிமிடம் முன்னதாகவே நினைவூட்டினால் போதும். ஒலி அவ்வப்போது விட்டுவிட்டு வந்தது. மகன் தனியாகப் பேசிய அமர்வில் என்ன சொன்னான் என்று கேட்டபோது, உயிருக்கு ஆபத்து என்றாலன்றி எதையும் வெளியிட முடியாது என்று மறுத்தார்கள். அன்று கோபப்பட்டேன், ஆனால் நான் அவர்களிடம் கொட்டியவை அவன் காதுக்குப் போகவில்லை என்பதும் அதே விதியால்தான். ஒவ்வொரு அமர்வுக்குப் பிறகும் அரைப்பக்கக் குறிப்பு எழுத்தில் வருகிறது. நான் சொன்னதை என் வார்த்தைகளிலேயே திரும்பப் படிப்பது, சொல்லும்போது இருந்ததைவிடக் கடினமாக இருந்தது.

ஒன்பது அமர்வுகளில் மருமகள் மாறவில்லை. அவன் அழைக்கும்போது இப்போதும் ஒலிபெருக்கி இயங்குகிறது. நான் அவளுக்கும் சேர்த்தே வணக்கம் சொல்லிவிட்டு, அவன் உடல்நலத்தையும் வேலையையும் மட்டும் கேட்கிறேன். இருமுறை அவளும் பதில் பேசினாள், அதில் ஒருமுறை சுருக்கமாக. மகனின் மனைவியைத் தங்கள் சார்பில் யாராவது அடக்கித் தர வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் இங்கே பதிவு செய்தால் ஏமாற்றமே மிஞ்சும். பதிவு செய்பவர்கள், எந்த ஆலோசகரிடம் ஒதுக்குகிறார்கள் என்பதையும் அவர் குடும்ப ஆலோசனையில் தனிப்பயிற்சி பெற்றவரா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்; எனக்கு முதலில் கிடைத்தவர் இன்னமும் அங்கே பணியில் இருக்கிறார்.