ஆட்டு ரத்தப் பரிசோதனை: ஐந்துக்கு மூன்றரை

சிங்கப்பூரின் லிம் சூ காங்கில் நான் வேலை பார்க்கும் பண்ணையில் ஒரு பெட்டையாடு தீனியைக் குறைக்காமலேயே இளைத்துக்கொண்டு போனது, விலா எலும்பை எண்ணிவிடலாம், ஆனால் கழிச்சல் கிடையாது. குடலைத் தாக்கி மெல்ல இளைக்க வைக்கும் ஜோனிஸ் என்ற கிருமி நோயோ என்று சந்தேகம் (அதில் மாட்டுக்குத்தான் தண்ணீராகப் போகும், ஆட்டுக்குப் பெரும்பாலும் போகாது). சரி என்று 20 ஆடுகளின் ரத்தத்தை ஒரு ஆய்வகத்தில் எலைசா என்ற பரிசோதனைக்குக் கொடுத்தோம்.

முதல் தடவை கடுப்புதான் மிச்சம். 'உண்டு', 'இல்லை' என்று ஒரு தாள், அளவு எவ்வளவு என்று எண்ணே இல்லை. இந்தப் பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை, உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத்தான் (கிருமியை எதிர்க்க ரத்தத்தில் சுரக்கும் புரதம்) தேடுகிறது, அது தலைகாட்டவே மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகும், அதனால் இளம் ஆட்டுக்கு 'இல்லை' என்று வந்தால் நம்பித் தூங்க முடியாது. இன்னொரு வம்பு, கழுத்தில் சீழ்க்கட்டி வரும் ஆடுகள். அந்தக் கட்டியை உண்டாக்கும் கிருமி ஜோனிஸ் கிருமிக்குத் தூரத்துச் சொந்தம், பொய்யாக 'உண்டு' காட்டிவிடலாம். எங்களிடம் அப்படி இரண்டு இருந்தன, யாரும் கேட்கவே இல்லை.

இந்த வருடம் தேவலை. சீரத்தை (ரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீர்) முதலில் வேறொரு மைக்கோபாக்டீரியாவோடு (ஜோனிஸ் கிருமியின் இனம்) கலந்து, வேண்டாத எதிர்ப்பொருளை உறிஞ்சி எடுத்துவிட்டு அளக்கிறார்களாம். எண்ணும் தருகிறார்கள். சந்தேகமான ஆடுகளின் புழுக்கையில் பிசிஆர் (கிருமியின் மரபணுவையே தேடும் சோதனை) பார்க்கலாமா என்று அவர்களே போன் செய்தார்கள். "குழாயை வெயில்ல வைக்காதீங்கண்ணே, ரத்தம் உடைஞ்சு சிவந்துட்டா அளவு கெட்டுடும்" என்று அங்குள்ள தம்பி சொன்னதால், ஐஸ் பெட்டியோடு கிராஞ்சியில் டாக்சிக்கு நின்றேன். விலைதான் கையைக் கடிக்கிறது.