நான்காவது ரிலே

போன மாதம், கண்ணாடி உருக்கும் என் மின்சார சூளைக்கு நான்காவது ரிலே மாட்டினேன். அந்த எரிச்சல் அடங்குவதற்குள் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து வாட்ஸ்அப்பில் குரல் பதிவு: “அக்கா, நீங்க வச்சிருக்கீங்கல்ல, அதே சூளைக்கு விலை குறைச்சிருக்காங்க. எடுத்துடவா?” பதில் பேச ஆரம்பித்தேன். ஏழு நிமிடம் பேசிவிட்டுக் கேட்டுப் பார்த்தால், பாதி நேரம் திட்டிக்கொண்டிருக்கிறேன். அழித்துவிட்டேன். எழுதினால் கொஞ்சம் நியாயமாக வரும் என்று நினைக்கிறேன். பார்ப்போம்.

வாட்டேஜ், உள்ளளவு, எத்தனை டிகிரி வரை போகும் என்பதெல்லாம் விலைப்பட்டியலிலேயே இருக்கிறது. மடிப்பாக்கத்தில் ஒரு மொட்டைமாடி அறையில் ஆறு வருடமாக வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை கண்ணாடி சுட்டவளாகப் பேசுகிறேன். கண்காட்சிக்குப் போகும் வேலையும் ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்பும் இந்த ஒரே சூளையில்தான்.

முதலில் அந்த ‘டக்’. கம்பிச் சுருளுக்குப் போகிற கரண்டைப் போட்டு அணைப்பது ரிலே. தீப்பெட்டி அளவு டப்பா. சூட்டைக் கவனிக்கிற கன்ட்ரோலர் சொல்லச் சொல்ல டக்கென்று போடும், டக்கென்று அணைக்கும். என் சூளையில் இருபது விநாடிக்கு ஒரு சுற்று. மாடியில் அது அடிக்கிற சத்தம் கீழே படுக்கையறைக் கூரை வழியாகக் கேட்கும். வாங்கின புதிதில் அம்மா அதைப் பல்லி என்றே நினைத்தார். சத்தம் வந்த திசையைப் பார்த்துப் பலன் வேறு சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை சுட்டால் ஆயிரம் ‘டக்’காவது ஆகும். அந்த ரிலேயின் விவரத் தாளில், முழுச் சுமையில் ஒரு லட்சம் முறை தாங்கும் என்று போட்டிருக்கிறது. அதாவது நூறு தடவை சுடலாம். கண்ணாடி வேலை செய்கிறவருக்கு அது ஒன்றரை வருடத்துக்கு வந்தால் பெரிது. எனக்கு ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு வருடம் வந்தது, அதனால் ரிலேயைக் குறை சொல்ல மாட்டேன். லட்ச ரூபாய்க்கு மேல் வாங்கிக்கொண்டு, தேயும் என்று தெரிந்த 350 ரூபாய்ப் பொருளை உள்ளே வைத்து, அதைப் பற்றிக் கையேட்டில் ஒரு வரி கூட எழுதாதவர்களைத்தான் சொல்கிறேன். முதல் ரிலே போனபோது விற்றவர்களைக் கூப்பிட்டேன். “அது கன்ஸ்யூமபிள் மேடம், வாரண்டியில வராது” என்றார்கள். மெழுகுவத்தியா விற்றீர்கள் என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

சரி, நியாயம். இந்தச் சூளையின் முன்பக்கத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு துளை இருக்கிறது, குவார்ட்ஸ் மூடி போட்டு. வாங்கும்போது நான் கவனிக்கக்கூட இல்லை. இப்போது அதுதான் என் வகுப்பின் உயிர். பத்து மணிக்கு வந்து ஒரு மணி வரை கண்ணாடி வெட்டி, அடுக்கி வைத்துவிட்டுப் போகிறவர்கள் சாயங்காலம் திரும்பி வருகிறார்கள், அந்தத் துளையில் பார்க்க. மதியம் இரண்டுக்குப் போட்டால் ஐந்தரை வாக்கில் 677 டிகிரி. அதில் அரை மணி நேரம் நிறுத்துவேன், அடுக்குகளுக்கு நடுவில் சிக்கிய காற்று வெளியே போக. அதைத் தாண்டி ஏற ஏறத்தான் வேடிக்கை. பச்சைக் கண்ணாடி போட்ட கண்ணால் பார்த்தால், கத்தி மாதிரி இருந்த ஓரம் மெல்ல மழுங்கி, வெண்ணெய்க் கட்டி உருக ஆரம்பிப்பதுபோல் மூலை உருண்டு வரும். சிவப்பு கறுப்பாகத் தெரியும். எல்லோரும் பதறுவார்கள். ஆறினால் திரும்பிவிடும் என்று சொன்னாலும் நம்ப மாட்டார்கள். வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு அம்மா, தான் செய்த கோஸ்டரின் (டம்ளருக்கு அடியில் வைக்கும் சின்னத் தட்டு) மூலை உருண்டதைப் பார்த்துவிட்டு, டீ ஆறிப்போவது தெரியாமல் முக்கால் மணி நேரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். போகும்போது, “இது என்னைக் கேட்காமலே ஒழுங்காயிடுச்சே” என்றார். நான் போர்டில் எழுதிச் சொல்லிக்கொடுத்தது எதுவும் அவ்வளவு தூரம் போனதில்லை.

அடுத்து, சூளைக்குள் கண்ணாடியை அடுக்கும் தட்டு. 40 செ.மீ. சதுரம். பத்து செ.மீ. கோஸ்டர் ஒன்பது கொள்ளும், மூன்றுக்கு மூன்று, நடுவில் கொஞ்சம் இடைவெளியோடு. ஆனால் வகுப்புக்கு எப்போதும் பத்துப் பேர் பதிவு செய்வார்கள், இது என்ன ராசியோ. கண்காட்சியிலும் இதே தட்டுதான் என்னை ஆட்டி வைக்கிறது. நான் மூன்று மூன்று பலகையாகத் தொங்கவிடுவதைப் பார்த்து ஒருவர், இடையில் விட்டிருக்கும் வெற்றிடம் மௌனம் போல இருக்கிறது என்று பாராட்டினார். அது 40 செ.மீ. தட்டு, ஐயா. (இன்னொரு பக்கம், வருகிறவர்களில் பாதிப் பேர் “இது ரெசினா?” என்றுதான் கேட்கிறார்கள். இல்லை, கண்ணாடி என்றால் ஒரு விரலால் தட்டிப் பார்ப்பார்கள். ஆறு வருடமாகத் தட்டுகிறார்கள்.)

சூடு சீராகப் பரவுவதிலும் குறை சொல்ல முடியாது. வகுப்புக்கும் கண்காட்சிக்கும் நான் பயன்படுத்துவது அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து வரும் புல்ஸ்ஐ கண்ணாடி. விரிவெண் (சூட்டில் எவ்வளவு விரியும் என்ற கணக்கு) 90. முழு உருக்கத்துக்கு 804 டிகிரி. தட்டின் நடுவிலும் மூலையிலும் ஒரே மாதிரிதான் வந்திருக்கிறது. பழகுவதற்கு மட்டும் தெருமுனைக் கடையில் வாங்கும் ஜன்னல் கண்ணாடி. அது உருக இன்னும் இருபது முப்பது டிகிரி கூட வேண்டும். அதைத் தயாரிக்கும்போது உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதந்து வந்த பக்கம் எது என்று யுவி விளக்கில் பார்த்து வைக்க வேண்டும், இல்லையென்றால் மேலே பால் படிந்ததுபோல் மங்கிவிடும். இரண்டையும் கலக்கவே கூடாது. கலந்தால், ஆறும்போது ஒன்று கூடச் சுருங்கும், மற்றது அவ்வளவு சுருங்காது, விரிசல் விட்டுவிடும். இது தெரியாமல் ஒரு பையன் ஜன்னல் கண்ணாடித் துண்டை நைசாக உள்ளே சொருகியிருந்தான். அதற்குச் சூளையைத் திட்ட முடியாது.

இனி அந்த ராத்திரி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் இல்லை. ஒன்பது கோஸ்டரையும் இரவு ஒன்பது மணிக்குத்தான் போட்டேன். எல்லாம் இரண்டு அடுக்கு, பலர் அதன் மேல் ஆசை ஆசையாய் இன்னும் இரண்டு அடுக்கு. படுத்துவிட்டேன். ஒன்றரை மணிக்கு விழிப்பு வந்தது. எதனால் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. பல்லி சொல்லவில்லை.

மேலே ஓடினேன். திரையில் பிழை எண் மின்னிக்கொண்டிருந்தது, சத்தம் ஏதும் இல்லை. 912 டிகிரி. துளையில் பார்த்தால் மூலையும் இல்லை, ஓரமும் இல்லை. ரிலேயின் முனைகள் ஒன்றோடொன்று பற்றவைத்துக்கொண்டு விட்டன. கன்ட்ரோலர் அணை அணை என்கிறது, கரண்ட் பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. முதல் இரண்டு ரிலேயும் திறந்த நிலையில் செத்தன. சூடே ஏறாது, அவ்வளவுதான். இது மூடிய நிலையில் செத்தது.

கம்பிச் சுருளுக்கு மட்டும் கரண்ட் கொடுக்கிற எம்சிபி சுவிட்சை இறக்கினேன். உருகிய கண்ணாடி தானாக ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் கனத்தில்தான் நிற்க விரும்பும். கூட வைத்தால் பரவும். நான்கு அடுக்கு வைத்தவர்களுடையதெல்லாம் பரவிப் பக்கத்து வீட்டைத் தொட்டு, ஒன்பது பேருடையதும் ஒரே குட்டை. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு மனசு வரவில்லை. கண்ணாடியை 482 டிகிரியில் நிறுத்தி ஆறவைக்காவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். கன்ட்ரோலரை நம்ப முடியாது. அதனால் எம்சிபியை நானே ஏற்றி, திரையில் எண்ணைப் பார்த்து, நானே இறக்கினேன். 470 என்றால் ஏற்று, 490 என்றால் இறக்கு. முக்காலியில் உட்கார்ந்து, கொசு கடிக்க, விடியும் வரை நான்தான் ரிலே. காலை பதினொன்றுக்கு மூடியைத் திறக்கும் முன்பே உள்ளே ‘டிங்’ என்று ஒரு சத்தம். தட்டில் பூசியிருந்த வெள்ளைப் பூச்சு வெந்து கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடி சுருங்குகிற அளவுக்குத் தட்டு சுருங்காது. இரண்டாகப் பிளந்து கிடந்தது, தட்டையும் கொண்டுபோய்விட்டது. ஒன்பது பேருக்கும் போன் செய்து சொன்னேன்.

அம்பத்தூரில் பேக்கரி அடுப்புகளைச் சரிசெய்கிற ஒரு அண்ணன் வந்தார். திறந்து பார்த்துவிட்டு, “மேடம், இது ரொட்டி சுடுற அடுப்புல இருந்தா நான் எப்பவோ மாத்தியிருப்பேன்” என்றார். அவர் சொன்னபடி ரிச்சி தெருவுக்குப் போய் 40 ஆம்பியர் சாலிட் ஸ்டேட் ரிலே (உள்ளே அசைகிற முனை கிடையாது, அதனால் ‘டக்’கும் கிடையாது), அதன் சூட்டை ஆற்ற அலுமினியச் சிறகு, காண்டாக்டர் என்கிற ஒரு பெரிய மின்சுவிட்ச், தனி தெர்மோகப்பிளோடு (சூட்டை அளக்கும் கம்பி) ஒரு கட்-ஆஃப் எல்லாம் வாங்கினேன். கன்ட்ரோலரிலிருந்து வருவது 12 வோல்ட் டிசி என்பதால் புது ரிலே நேராகப் பொருந்தியது. அது மட்டும் போதாதா என்று கேட்டேன். போதாதாம். சாலிட் ஸ்டேட் ரிலே பெரும்பாலும் மூடிய நிலையில்தான் சாகும். அதனால்தான் காண்டாக்டர்: 860 டிகிரியைத் தாண்டினால் அது மொத்தத்தையும் பிடுங்கிவிடும். எல்லாம் சேர்த்து, அவர் கூலியும் சேர்த்து, ஆறாயிரத்துக்குள். இதை முதல் நாளே உள்ளே வைத்து, ஆறாயிரம் கூட வாங்கியிருந்தால் நான் முனகாமல் கொடுத்திருப்பேன்.

இப்போது சூளை சத்தமே போடுவதில்லை. ஆறு வருடம் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். வந்ததிலிருந்து சூளை போட்ட ராத்திரியெல்லாம் இரண்டு முறை எழுந்து மாடிக்குப் போய்விட்டு வருகிறேன். அம்மாவும் கேட்டுவிட்டார், “என்னடி, வீட்ல பல்லியே சொல்றதில்ல?”

சரிம்மா, உன் கேள்விக்கு வருகிறேன். சூடு சீர், துளை அருமை, தட்டு சிறிது, கம்பிச் சுருள் ஆறு வருடமாக அதேதான். இவ்வளவும் சொல்லிவிட்டு எடுத்துக்கொள் என்றுதான் முடிக்க வேண்டும். வாங்காதே. விலை குறைத்தது உள்ளே இருக்கிற ரிலேயை மாற்றிவிட்டா என்று கேட்டுப் பார், அவர்கள் தருகிற பதிலை எனக்கும் அனுப்பு. மீறி எடுத்தால், சூளை வந்து இறங்குகிற அன்றே அம்பத்தூர் அண்ணன் நம்பரை வாங்கிக்கொள். என்னுடையதை விலைக்குக் கேட்காதே, தர மாட்டேன்.