மண் பரிசோதனை நிலையம்: நான்கு முறை போய் வந்த அனுபவம்

சமூகவியல் படிக்கிறவருக்கு இங்கே என்ன வேலை என்று முதல் நாளே கேட்டார்கள். மண்ணுக்கும் அதில் பாடுபடுகிறவர்களுக்கும் உள்ள உறவுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காகக் காவிரிக் கடைமடையில் விவசாயிகளோடு சேர்ந்து இரண்டு வருடத்தில் நான்கு முறை ஓர் அரசு நிலையத்துக்கு மண் கொண்டுபோயிருக்கிறேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். செலவு டீ, வடை காசுதான். கார அமில நிலை, உப்பு, அங்ககக் கரிமம், தழை மணி சாம்பல் சத்துகள், கந்தகம், அப்புறம் துத்தநாகம், போரான் மாதிரி நுண்சத்துகள் என்று மொத்தம் 12 அளவுகள் அவர்கள் தரும் முடிவு அட்டையில் வருகின்றன. ஆய்வகத்தில் இருந்த அம்மா, கேட்டால் உட்கார வைத்து ஒவ்வொன்றாக விளக்கினார். ஆனால் கேட்க வேண்டும், அட்டையை மட்டும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டால் பாதிப் பயன்கூட இல்லை. ஏனென்றால் அதில் எல்லாம் எக்டேர் கணக்கு, எங்கள் பக்கம் பேச்சு முழுக்க மா, குழி. ஒரு மா என்றால் ஏக்கரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எக்டேருக்கு 220 கிலோ யூரியா என்றால் ஒரு மாவுக்குக் கிட்டத்தட்ட 30 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் மூன்றில் இரண்டு பங்கு. இதை நான்தான் அட்டையின் பின்னால் பேனாவால் எழுதிக் கொடுத்தேன்.

மண் எடுப்பதில் அவசரப்படாதீர்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி இருந்த இடம் எல்லாம் விட்டுவிட்டு, V வடிவத்தில் அரை அடி ஆழம் வெட்டி, பத்து இடத்து மண்ணைக் கலந்து, நான்கு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைக் கழித்துக் கழித்து அரை கிலோ எடுக்க வேண்டும். இரண்டாவது முறை நான் வயல் முழுவதையும் ஒன்றாகக் கலக்கப் போனபோது, அந்த வயலைக் குத்தகைக்குப் பயிரிடும் அண்ணன் தடுத்தார். "அந்த மேற்கு மூலைய இதோட சேக்காதீங்க தம்பி, அது களரு." களர் என்றால் சோடியம் மிகுந்து கெட்டுப்போன மண். வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது, காலில் மிதித்தால் மாவு மாதிரி. தனியாகக் கொடுத்தோம். கார அமில நிலை 8.9 என்று வந்தது, அதாவது காரம் அதிகம், ஜிப்சம் போடச் சொல்லிப் பரிந்துரை.

இந்த இடத்தில்தான் எனக்குப் பெரிய குறை. ஜிப்சம் போட்டுத் தண்ணீர் கட்டி வடித்தால் பலன் தெரிய இரண்டு மூன்று சாகுபடிப் பருவம் ஆகும், அவருக்கோ குத்தகை வருடத்துக்கு வருடம் வாய்ப்பேச்சில்தான். நிலம் தேறினால் அடுத்த வருடம் குத்தகை ஏறும், இல்லை வேறு ஆளுக்குப் போய்விடும். அவர் எப்படிக் கைக்காசு போடுவார்? விண்ணப்பத்தில் சர்வே எண் கேட்கிறார்கள், பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கிறது, அதனால் அட்டையும் அவர் பெயரிலேயே வந்துவிட்டது. வருடம் முழுக்க அந்தச் சேற்றில் நிற்கிறவர் பெயர் எங்கேயும் இல்லை. எனக்கு அது மனதைக் குடைந்துகொண்டே இருக்கிறது. பயிரிடுகிறவர் யார் என்று ஒரு கட்டம் சேர்த்தால் போதும், அச்சடிக்கக் கூடுதல் செலவுகூட ஆகாது.

இன்னொன்று. 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் ஏற்கெனவே உங்களுக்கு இலவச அட்டை வந்திருந்தால், அது உங்கள் வயல் மண்தானா என்று விசாரியுங்கள். அந்தத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 எக்டேருக்கு ஒரு மாதிரி, மானாவாரியில் 10 எக்டேருக்கு ஒன்று என்றுதான் எடுத்தார்கள். மூன்று மா வைத்திருப்பவர் கையில் இருப்பது பக்கத்து வயலின் கணக்காகவும் இருக்கலாம். அதற்காகவே ஒருமுறை உங்கள் மண்ணை நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள், சந்தேகமே வேண்டாம். முடிவு வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது, கோடையில் வயல் காலியாக இருக்கும்போது கொடுத்துவிட்டால் நடவுக்குள் கைக்கு வந்துவிடும்.

ஜிப்சம் செலவில் பாதியை நிலக்காரர் ஏற்கட்டும் என்று அட்டையைக் காட்டி அண்ணன் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் வரவில்லை.